தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? பெங்களூருக்காரங்க சொல்லுங்க

அல்சூர் அம்பிகா:
ஞாயிற்றுக்கிழமை மடிவாளா மார்க்கெட்டில் 3 கிலோ தக்காளி வாங்கி, வழக்கம்போல ஃப்ரிட்ஜில் போட்டேன். ஊரிலிருந்து வந்திருக்கிற மாமியார் வியாழக்கிழமை ரசம் வச்சாங்க. "தக்காளி வாசனையே வரலியேம்மா, குளிர்ல வச்சுக் கெடுத்துட்டியே"ன்னு சொன்னாங்க. வேலைக்குப் போறவ நான். வாரத்துக்கு ஒரு தடவைதான் மார்க்கெட் போக முடியும். இதில் யார் சொல்றது சரி?

ஜெயநகர் கணேசன்:
உங்க மாமியார் சொல்றதுதான் சரி. 12, 13 டிகிரிக்குக் கீழே போனா தக்காளிக்கு ஆகாது. நம்ம ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுது. 2016-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 5 டிகிரியில் 7 நாள் தக்காளியை வச்சுப் பார்த்தாங்க. இனிப்பு, புளிப்பு பெரிசா மாறலை. மணம் மட்டும் குறைஞ்சுபோச்சு. வெளியே எடுத்து ஒரு நாள் வச்சும் பழையபடி திரும்பலை. ரசத்துக்கு மணம் போனா அப்புறம் என்ன இருக்கு? நம்ம ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கு, அதனால சூடு குறைவு. வருஷத்தில் பாதிக்கு மேல சமையலறையே தக்காளிக்குத் தோதான இடம்.

ஒயிட்ஃபீல்டு தம்பி:
கணேசன் அண்ணா, ஒத்துக்க முடியாது. எங்க வீடு ஒன்பதாவது மாடி, மேற்கு பார்த்த சமையலறை. ஏப்ரல் மாசம் வெளியே வச்சா மூணாம் நாள் தண்ணி விட்டு, குட்டி ஈ மொய்க்குது. மணம் கொஞ்சம் குறைஞ்ச தக்காளியைச் சாப்பிடலாம், அழுகினதைக் குப்பையில்தான் போடணும். கோலார் பக்கம் ஒரு விவசாயி கஷ்டப்பட்டு விளைவிச்சதை அப்படிக் கொட்ட எனக்கு மனசு வரலை.

சிவாஜிநகர் காய்க்கடை:
எங்க அப்பா காலத்திலிருந்து காய் விக்கிறோம். அம்பிகா அக்கா, தப்பு ஃப்ரிட்ஜில் இல்லை, வாங்கினதில் இருக்கு. 3 கிலோவும் ஒரே சிவப்பா எடுத்திருப்பீங்க. பாதி பழுத்தது, பாதி இப்பதான் நிறம் திரும்புறதுன்னு கலந்து எடுங்க. கையில் எடுத்தா அதோட சைஸுக்கு நல்ல கனமா இருக்கணும். காம்பை முகர்ந்து ஏமாறாதீங்க, அந்தப் பச்சை வாசனை காம்போடது, பழத்தோடது இல்லை. ரசத்துக்கு நாட்டித் தக்காளி, புளிப்பும் சாறும் அதில்தான். கெட்டித் தோல் ஹைபிரிட் லாரியில் தூரம் போகத் தோதானது, குழம்புக்கு, தொக்குக்குப் போதும்.

இன்னொண்ணு, கட்டைவிரலால அமுக்கிப் பார்க்காதீங்க. பத்து பேர் அமுக்கின பழம் சாயங்காலம் கன்றிப்போகுது, நஷ்டம் எங்களுக்கு.

அல்சூர் அம்பிகா:
அமுக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு. இனிமே செய்ய மாட்டேன். ஆனா நிறம் திரும்பாததை எங்கே வைக்கிறது?

ஜெயநகர் கணேசன்:
வெயில் படாத இடத்தில் மூங்கில் தட்டு, ஒரே அடுக்கு, காம்புப் பக்கம் கீழே. காம்பு இருந்த இடம் வழியாத்தான் ஈரம் அதிகமா வெளியே போகும். பக்கத்தில் கீரை, வெள்ளரிக்காய் வேண்டாம். தக்காளியிலிருந்து வர்ற எத்திலீன் வாயு அதையெல்லாம் மஞ்சளாக்கிடும். நாலு நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கினா ஃப்ரிட்ஜே வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டு தம்பி:
வேலைக்குப் போற பெண்ணை வாரம் ரெண்டு தடவை மார்க்கெட் போகச் சொல்றீங்களே, நியாயமா?

ஜெயநகர் கணேசன்:
அவங்கதான் போகணும்னு நான் எங்கே சொன்னேன்? வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வர்ற வழியில் ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் காய்கறிக் கடையில் அரைக்கிலோ வாங்கிட்டு வரலாமே.

ஒயிட்ஃபீல்டு தம்பி:
அது சரி. ஆனா நல்லாப் பழுத்ததை ரெண்டு மூணு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கிறதில் தப்பில்லைன்னுதான் இப்பவும் சொல்வேன். சமைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளியே வச்சாப் போதும்.

அல்சூர் அம்பிகா:
இப்பதான் பிரிச்சு வச்சேன். கனிஞ்சது ஏழு ஃப்ரிட்ஜிலேயே இருக்கு, மீதி தட்டில். புதன்கிழமை வாங்கிட்டு வர்றது அவர் பொறுப்புன்னு சொல்லிட்டேன், சரின்னுட்டார். மாமியார் ஃப்ரிட்ஜில் இருந்த உருளைக்கிழங்கையும் காட்டி இது எதுக்குன்னு கேக்குறாங்க. அதுவும் தப்பா?

சிவாஜிநகர் காய்க்கடை:
உடனே வெளியே எடுங்க அக்கா. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையா மாறி இனிச்சுப்போகும், வறுத்தா சீக்கிரம் கருகும். இருட்டா, காத்தோட்டமா வைங்க, வெங்காயக் கூடையில் மட்டும் போட்டுடாதீங்க.