துயில் நீங்கியதும் வன்வட்டு சுழல்வதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.
லினக்ஸ் மேசைச்சூழலின் மின்மேலாண்மைப் பக்கத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ஸ்பின் அப், ஸ்பின் டவுன் இரண்டிலும் மாட்டிக்கொண்டேன். கணினி உறக்கத்திலிருந்து எழும்போது, நின்றிருந்த வன்வட்டு மறுபடி நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுக்கு வருகிறதே, அதுதான் ஸ்பின் அப்; சுழல்வது நிற்பது ஸ்பின் டவுன். சுழலேற்றம், சுழலிறக்கம் என்று போட்டுவிடலாமா? பொத்தானில் இடம் குறைவு.

---

> சுழலேற்றம்

வேண்டாம். ஆங்கிலத்து 'அப்'பைப் பார்த்து ஏற்றம் போட்டிருக்கிறீர்கள். வட்டு எங்கும் ஏறவில்லை. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் கிணற்றில் இறைப்பது. தொல்காப்பியர் பாடாண் திணையில் மன்னன் உறங்கப் போவதைக் கண்படை நிலை என்கிறார். சூதர் பாடி எழுப்புவது துயிலெடை நிலை. கணினிக்கு இதைவிடப் பொருத்தமான இணை ஏது? எடுத்தலே எடை. வட்டுக்கு 'வட்டெடை' என்று வைக்கலாம்.

---

ஐயா, வட்டெடை என்று எழுதினால் என் பாலிடெக்னிக் மாணவர்கள் எத்தனை கிராம் என்று கேட்பார்கள்.

வகுப்பில் நான் சொல்வது இது: மூன்றரை அங்குல வட்டு ஓடத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். வேகம் பிடித்தபின் அதில் சிறு பங்கு போதும். குயவர் சக்கரத்தைக் கோலால் முதலில் ஓங்கித் தள்ளுவது போல. பல வட்டுகள் உள்ள சர்வரில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவதும் இதனால்தான். அந்த உந்தல் சொல்லில் தெரிய வேண்டும்: சுழலுந்தல்.

---

குயவர் என்றதும் நினைவு வருகிறது. புறநானூறு 32இல் அந்தச் சக்கரத்துக்குத் தேர்க்கால் என்றே பெயர். தேருக்கும் மண்பாண்டத்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

---

சக்கரத்தை விடுங்கள், வெள்ளிக்கிழமை வருகிறது. வட்டுக்கும் தனியாக உறக்கம் உண்டு என்பதை யாரும் கவனிக்கவில்லையே. லினக்ஸில் வன்வட்டின் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் சின்ன ஒய் (y) போட்டால் வட்டு நிற்கும்; கோப்பு கேட்டதும் தானே சுழலும். பெரிய ஒய் (Y) போட்டால் ரீசெட் கொடுத்தால்தான் எழும். இரண்டையும் துயில் என்றால் குழப்பம். சின்ன ஒய் ஓய்வு, பெரிய ஒய் உறக்கம். ஒலியும் உதவுகிறது!

---

என் மடிக்கணினியில் எஸ்எஸ்டி. சுழல ஒன்றுமே இல்லை. நீங்கள் முடிவெடுப்பதற்குள் வட்டே வழக்கொழிந்துவிடும்.

---

'வட்டை ஓடவிடு', 'வட்டை ஓய்வில் வை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நன்றி.

---

ஓடவிடு என்பது ஏவல். நாளைக்கு உதவிப் பக்கத்தில் தலைப்பாகப் போட ஒரு பெயர்ச்சொல் கேட்பீர்கள், அப்போது என்ன செய்வீர்கள்? துயிலெடையை நான் விடுவதாக இல்லை.