ஜப்பான்காரங்கட குடும்பப் பேரும் நம்மட குடியும் ஒண்டா?

வாவிக்கரைப் பொடியன்:
மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஜப்பான் பாஷை கிளாசுக்கு மூணு மாசமாப் போறன், கெயார்கிவர் வேலைக்குத்தான். பாஸ்போட்டில சர்நேம் எண்ட இடத்தில அப்பாட பேர் கிடக்கு, அதால டீச்சர் ஒவ்வொரு நாளும் அப்பாட பேருக்குப் பின்னால மரியாதைக்கு ஒரு 'சான்' ஒட்டித்தான் கூப்பிடுவா. முதல் கிழமை நான் வாசலத் திரும்பிப் பாத்தன், அப்பா சோத்துப் பார்சல் கொண்டு வந்திட்டாரோ எண்டு. மறுகா நேத்துக் கேக்கிறா உங்கட குடும்பப் பேர் என்ன எண்டு, நமக்கு அப்பிடி ஒண்டில்ல எண்டா நம்புறாவில்ல. தாய்வழியா வாற வம்சப் பேர், குடி எண்டு இரிக்கே, அதச் சொல்லலாமா? இந்தத் தனாக்கா, யமமோட்டோ எல்லாம் ஊர்ப் பேரா, ஆள் பேரா, இல்லாட்டி சாதி மாதிரி ஏதுமா?

போரதீவு மச்சான்:
சாதி இல்ல தம்பி, கனக்க பேர் நிலம்தான். தனாக்கா எண்டா வயலுக்கு நடுவில, யமமோட்டோ மலையடி, நக்கமுரா நடு ஊர். நாம வாவிக்கு மேற்குக் கரை ஆள 'அவன் படுவான்கரையான்' எண்டு சொல்றமே, அந்த மாதிரிச் சொன்னது அவங்களுக்கு எழுத்தில ஏறிட்டு, அவ்வளவுதான். உங்கட வயலுக்குள்ள ஓடுற குபோட்டா மெஷினையே பாருங்களன், குபோ எண்டா பள்ளம், தா எண்டா வயல். மாரி துவங்கினா முதல்ல தண்ணி நிக்கிற பள்ளக்காணி எங்களுக்கும் ஒரு ரெண்டு ஏக்கர் இரிக்கு, வெதச்சுப் பாத்தவனுக்குத்தான் அந்தப் பேரின்ட அருமை தெரியும் 😂 ஹொண்டாலயும் கடைசி எழுத்து வயல்தான்.
அதோட முந்தி அங்க சாதாரண சனம் குடும்பப் பேர வெளியில பாவிக்க ஏலாது, சாமுராய் மாதிரி ஆக்களுக்குத்தான் உரிமை. 1870ல தான் எல்லாரும் வைக்கலாம் எண்டாங்க, சனம் பெரிசா கணக்கெடுக்கல்ல, மறுகா 1875ல கட்டாயமாக்கிட்டாங்க, ஆமிக்கு ஆள் எடுக்கவும் வரி அறவிடவும் பேர் வேணுமே.

களுவாஞ்சி அக்கா:
எல்லாம் நிலம் எண்டு சொல்லிராதிங்க. அங்க ஆகக் கூடின பேர் சத்தோ, அதில வாற 'தோ' புஜிவாரா எண்ட பெரிய பரம்பரைட முதல் எழுத்து. இத்தோ எண்டா இசே பக்கத்துப் புஜிவாரா, கத்தோ எண்டா காகா பக்கத்துப் புஜிவாரா, அப்ப ஆளும் ஊரும் ஒரே பேருக்குள்ள இரிக்கு. அந்தப் புஜிவாராவும் 669ல சக்கரவர்த்தி ஒரு ஆளுக்குக் குடுத்த பேர், அதுவும் ஒரு இடத்துப் பேர்தான்! ஆனா சத்தோ எண்டவங்க எல்லாரும் அந்தப் பரம்பரை எண்டு நினைக்கப்படாது, கனபேர் பிறகு எடுத்துக்கிட்டது.
தலைகீழாவும் நடந்திரிக்கு. டொயோடா எண்ட குடும்பத்தால டொயோட்டா கம்பனி வந்து, அந்தக் கம்பனியால 1959ல கொரோமோ எண்ட டவுன்ட பேரையே டொயோட்டா எண்டு மாத்திட்டாங்க.

அக்கரைப்பற்றுக் காக்கா:
குடி வேற, இது வேற தம்பி. நம்மட குடி உம்மாட வயித்துவார், எண்டா தாய்வழி, எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் அதே கதைதான், கலியாணம் கட்டினாலும் மாறாது, ஒரே குடிக்குள்ள கட்டவும் மாட்டம். அங்க ரெண்டு தனாக்கா தாராளமாக் கட்டலாம். கட்டினா சட்டப்படி ரெண்டு பேருக்கும் ஒரே பேர் இரிக்கணும், மாத்துறது பெரும்பாலும் பொண்டாட்டி.
ஆனா ஒண்டு கேளுங்க, நாம பொண் வீட்டுக்குப் போய் இரிக்கிற மாதிரி அங்கயும் இரிக்கு, பொண் வீட்டில ஆம்பிளப் புள்ள இல்லாட்டி மருமகனையே மகனா எழுதிப் பேரையும் மாத்திருவாங்க. சுசூகி கம்பனிய எத்தனையோ வருஷம் நடத்தின ஒசாமு சுசூகி பிறப்பில மட்சுடா, சுசூகி வீட்டில கட்டித்தான் சுசூகி ஆனவர். குபோட்டாவத் துவங்கினவரும் பிறப்பில குபோட்டா இல்ல, 1897ல தத்துப்புள்ளையாப் போய்த்தான் அந்தப் பேர். அப்ப மச்சான்ட பள்ளக்காணி அந்த ஆளுட வாப்பாட காணியே இல்ல 😄
குடிய ஒரு ஃபோமிலயும் எழுதிராதிங்க. பாஸ்போட்டில உள்ளதுதான் அங்க குடுக்கிற கார்ட்டிலயும் வரும், ரெண்டு விதமா எழுதினா பேங்க் எக்கவுண்ட் திறக்கக்குள்ள அலைய வெச்சிருவாங்க.

வாவிக்கரைப் பொடியன்:
நன்றி காக்கா, அக்கா, மச்சான் எல்லாருக்கும். இதெல்லாம் இரவு அப்பாட்ட வாசிச்சுக் காட்டினன். 'அப்ப என்ட பேர் பிளேன்ல ஜப்பானுக்குப் போகப்போகுது, நான் இஞ்ச மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கிட்டு இரிக்கிறன்' எண்டார்.