செம்பு பாட்டிலும் மூடிக்குள் இருக்கும் வாஷரும்

தாமிரதாசன்: "செம்பு, ஸ்டீல் பாட்டில் எல்லாம் பந்தா, மூடிக்குள்ளே பார்த்தால் பிளாஸ்டிக்தான்" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார். என் பாட்டிலுக்கு மூடியும் செம்புதான். பிளாஸ்டிக் துளிகூட இல்லை.

மூடிதிறப்பவன்: அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மூடியைக் கவிழ்த்து நகத்தால் நெம்புங்கள். வெள்ளையாக ஒரு வளையம் வருமே, அது என்ன?

தாமிரதாசன்: அது வாஷர். சிலிக்கோன். பிளாஸ்டிக் இல்லை.

மூடிதிறப்பவன்: ஓ, சிலிக்கோன் மரத்தில் காய்க்கிறதா? மண்ணில் புதைத்தால் மட்குமா? வாஷரைக் கழற்றிவிட்டு பையில் போட்டுக்கொண்டு போங்கள், நனைந்த பிறகு பேசுவோம்.

குன்னூர்க்குளிர்: வாஷரை விடுங்கள் சார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட்டுக்குத்தான் தடை, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இல்லை. நீலகிரியில் பாட்டிலுக்கும் தடை. பர்லியார் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வது கடையில் தண்ணீரோடு விற்கும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலைத்தான். வீட்டிலிருந்து செம்போ ஸ்டீலோ ஒரு பாட்டில் கொண்டுவந்தால் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம்.

மூடிதிறப்பவன்: ஊட்டிக்கு வழி யாராவது கேட்டார்களா? நான் கேட்டது வாஷர்.

கோவை அத்தை: செம்பில் எலுமிச்சை ஜூஸும் மோரும் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். புளிப்பு பட்டால் செம்பு கரையும். உள்ளே கருத்தால் புளி போட்டுத் தேய்க்க அந்தச் சின்ன வாய்க்குள் கையும் நுழையாது. எங்கள் வீட்டில் ஸ்டீல்தான்.

தாமிரதாசன்: நான் ஊற்றுவது தண்ணீர் மட்டும்தான் அத்தை. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

மூடிதிறப்பவன்: செம்புக்குக் கணக்கு வந்துவிட்டது. வாஷருக்கு? அத்தை, உங்கள் ஸ்டீல் மூடியையும் ஒருமுறை நெம்பிப் பாருங்கள்.

கோவை அத்தை: என் மூடியை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி.

தாமிரதாசன்: போன மாதம் மண்பானை விவாதத்திலும் இவர் இதே கதைதான். பானையை விட்டுவிட்டு அதில் பொருத்திய குழாயைப் பிடித்துத் தொங்கினார்.

மூடிதிறப்பவன்: பித்தளைக் குழாய் என்று அடித்துச் சொன்னது யார்? முலாம் உரிந்து உள்ளே பிளாஸ்டிக் தெரிந்ததும் காணாமல் போனது யார்?

தாமிரதாசன்: காணாமல் போகவில்லை, ஊருக்குப் போயிருந்தேன்.

குன்னூர்க்குளிர்: அப்போ பெட் பாட்டிலே வாங்கலாம் என்கிறீர்களா?

மூடிதிறப்பவன்: அப்படி எங்கே சொன்னேன்? தாமிரதாசன் சார், வாஷரைக் கழற்றி ஒரு படம் போடுங்கள். பழைய படம் வேண்டாம்.