டி விரீஸ்: இப்பெயர் கொண்டவர்கள் ஒரே குடும்பத்தினரா?

கேள்வி:
அறிவியல் நூல் ஒன்றுக்குப் பெயரடைவு தயாரித்து வருகிறேன். புதிய இனங்கள் திடீர் மாறுதல்களால் தோன்றுகின்றன என்னும் சடுதி மாற்றக் கொள்கையை முன்வைத்த டி விரீஸும், ஆழமற்ற நீரில் எழும் அலைகளுக்கான கோர்ட்டேவெக்–டி விரீஸ் சமன்பாட்டில் வரும் டி விரீஸும் ஒருவர்தாமா? அடைவில் இப்பெயரை எந்த எழுத்தின்கீழ் சேர்ப்பது முறை?

மறுமொழி 1:
இருவரும் வேறு வேறானவர்கள். சடுதி மாற்றக் கொள்கைக்குரிய தாவரவியலாளர் ஹியூகோ, 1848இல் ஹார்லெம் நகரில் பிறந்தவர். ஹில்வர்சும் அருகே பயிரிடாமல் விடப்பட்ட உருளைக்கிழங்கு வயலில் தானாக முளைத்துப் பரவியிருந்த ஈனோதீரா செடிகளுள் சில மற்றவற்றினின்று வேறுபட்டிருப்பதை 1886இல் கண்டு, அவற்றை ஆம்ஸ்டர்டாமில் வளர்த்து ஆராய்ந்தார். அவர் புதிய இனங்கள் எனக் கருதியவற்றுள் பல குரோமோசோம் மாறுபாடுகளின் விளைவே என்பது பின்னாளில் தெரியவந்தது. அவர் பேராசிரியராக இருந்த அதே ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில்தான் குஸ்தாவ் டி விரீஸ், கோர்ட்டேவெக்கின் வழிகாட்டலில் 1894இல் ஆய்வேட்டை முடித்தார். சமன்பாடு அடங்கிய கட்டுரை மறு ஆண்டு வெளிவந்தது. பின்னர் குஸ்தாவ் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியதும் ஹார்லெமில் என்பதால், குழப்பம் நேர்வதில் வியப்பில்லை.

மறுமொழி 2:
பெயரை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிக்க இயலாது. நெதர்லாந்தின் வடக்கிலுள்ள ஃப்ரீஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதே இதன் பொருள். அப்பகுதியிலிருந்து வெளியூர் சென்று குடியேறியவர்களை அக்கம்பக்கத்தார் அப்படி அழைத்திருப்பார்கள் என்பதால், தொடர்பே இல்லாத பல குடும்பங்களுக்கு இப்பெயர் அமைந்தது. யூதக் குடும்பங்கள் பலவும் இதைக் கொண்டுள்ளன. 2007ஆம் ஆண்டுக் கணக்கில் நெதர்லாந்தில் ஏறத்தாழ 71,000 பேருடன், டி யோங், யான்சென் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் இது இருந்தது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காகப் பிராகாவில் வெண்கலச் சிலைகள் வடித்த ஆட்ரியான், 1643இல் ஜப்பானுக்குக் கிழக்கே பொன் தீவுகளைத் தேடிப் போய்க் குரில் தீவுகளை அடைந்த மாலுமி மார்ட்டென், 2021இல் ஆம்ஸ்டர்டாம் தெருவில் சுடப்பட்டு இறந்த குற்றச் செய்தியாளர் பீட்டர் ஆர். ஆகிய அனைவரும் டி விரீஸ்களே. மார்ட்டெனின் பெயரை இத்துருப், உருப் தீவுகளுக்கு இடையிலுள்ள நீரிணை இன்றும் தாங்கி நிற்கிறது.

மறுமொழி 3:
அடைவைப் பொறுத்தவரை, நெதர்லாந்தில் ‘டி’ என்னும் முன்னொட்டைக் கணக்கில் கொள்ளாமல் விரீஸ் என்பதையும், பெல்ஜியத்தில் முன்னொட்டையும் சேர்த்தே பார்த்து வரிசைப்படுத்துவர். நீங்கள் குறிப்பிடும் இருவரும் நெதர்லாந்தினர் என்பதால், ‘விரீஸ், ஹியூகோ டி’, ‘விரீஸ், குஸ்தாவ் டி’ என்று ‘வி’யின்கீழ் தனித்தனிப் பதிவுகளாக இட்டு, ‘டி விரீஸ்’ என்று தேடுவோருக்காக ‘டி’யின்கீழ் ஒரு ‘காண்க’ குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்.