புதுப்பிப்பு: பழைய சேலைகளை ஆன்லைனில் விற்ற விஷயம்

ஓரிரு முறை மட்டுமே கட்டிய சேலைகளை விற்கப் போட்டால், "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டு ஆளே காணாமல் போகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அப்புறம் ஒருவர் பேரமே பேசாமல் முழு விலைக்கும் சம்மதித்தார். பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து, யுபிஐ பின் (PIN) நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடுமாம். தயவுசெய்து கவனியுங்கள்: யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். உடனே அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டேன். யாராவது ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

செடி, பூ வேலைப்பாடு உள்ள வீரவநல்லூர் செடிபுட்டா சேலை விற்றுவிட்டது. முந்தி, பார்டர், ஓரத்தில் இருந்த சின்னக் கறை வரை பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினேன். அம்பாசமுத்திரத்து அக்கா ஒருவர் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பிரித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

பட்டுச்சேலைக்குத்தான் மனசு ஆறவில்லை. கேட்டவர்கள் எல்லாம் ஜரிகைக்கு மட்டுமே விலை சொல்கிறார்கள், நெய்தவர் உழைப்புக்கு மதிப்பே இல்லை. அதை விற்கவில்லை, சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.