மறுமொழி: டீகுளோபலைசேஷன் – நீக்கமா, வடிதலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் தமிழ்வழி இளங்கலைப் பொருளியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், உலகமயமாதலின் மறுதலையான டீகுளோபலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நீக்கம், ஒடுக்கம், பின்னடைவு, உலகவிலகல், வடிதல் என்று இவ்விழையில் வந்துள்ள பரிந்துரைகளைப் பற்றிய என் கருத்தை எழுதிவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் இச்சொல் இரு பொருளில் ஆளப்படுகிறது. நாடுகளுக்கிடையே சரக்கும் மூலதனமும் ஆட்களும் சென்றுவருவது குறைந்து, அவை ஒன்றையொன்று சார்ந்திருக்கும் நிலை தளர்வது ஒரு பொருள். 1930இல் அமெரிக்கா ஸ்மூட்–ஹாலி சட்டத்தால் இறக்குமதித் தீர்வையை உயர்த்த, பிற நாடுகளும் பதிலுக்கு உயர்த்த, உலகப் பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்துகொண்டதில், 1929க்கும் 1934க்கும் இடையில் உலக வணிகத்தின் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். பிலிப்பைன்ஸ் அறிஞர் வால்டன் பெல்லோ 2002இல் இச்சொல்லையே தலைப்பாக்கி எழுதிய நூலில் இருப்பதோ ஒரு கோரிக்கை: ஏற்றுமதியை நம்பாமல் உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் பொருளாதாரத்தை வேண்டுமென்றே கட்டியெழுப்புதல். முன்னது நிகழ்வது, பின்னது செய்வது.

> நீக்கம் என்பதைப் பிறவினை என்று ஒதுக்க வேண்டா. அடங்கு–அடக்கம், இறங்கு–இறக்கம் போல நீங்கு–நீக்கம்.

திருவையாற்று ஐயா காட்டிய இலக்கணத்தில் பிழையில்லை. ஆயினும் பதவி நீக்கம், தடை நீக்கம், 2016இன் பணமதிப்பு நீக்கம் என்றே கேட்டுப் பழகிய மாணவர், நீக்கம் என்றதும் நீக்கியவர் யார் என்று தேடுவார். 1930களின் சரிவில் தீர்வையும் உண்டு, மந்தமும் உண்டு. அது ஒருவர் கை நீக்கியதன்று. மேலும், நீங்கியது என்றால் முழுவதும் போய்விட்டது என்று பொருள்படும். குறைந்ததைத்தான் நாம் சொல்ல வருகிறோம்.

ஒடுக்கம் வேண்டா. ஆதீனங்களின் நிழலில் சைவ சித்தாந்தம் பயின்ற நம் ஊர்களில் உலக ஒடுக்கம் என்றால் சங்காரம், அதாவது உலகின் அழிவு. மற்ற இடங்களில் அடக்குமுறை. பின்னடைவு என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பெல்லோவுக்கு அது முன்னேற்றம். மயம் வடசொல் என்பதால் ‘உலகவிலகல்’ என்று எழுதலாம் என்ற கருத்தின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் உலகமயமாக்கலை அப்படியே விட்டுவிட்டு அதன் மறுதலையை மட்டும் மாற்றினால், இரண்டும் ஒரே பொருளின் ஏற்றமும் இறக்கமும் என்பது மாணவருக்குத் தெரியாது.

திருத்துறைப்பூண்டி அம்மையார் முன்வைத்த வடிதலுக்கு இங்கே போதிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். வயலில் நின்ற நீர் தானாகவும் வடியும், வாய்க்கால் வெட்டி வடிக்கவும் படும். வடிதல், வடித்தல் என்று ஒரே வேரில் நிகழ்வும் செயலும் கிடைக்கின்றன. உலகமயமாதல், உலகமயமாக்கல் என்ற இணைக்கு நேரான இணை இது. ‘வடிவு’ என்று சுருக்கினால் உருவம் என்ற பொருள் வந்துவிடும் என்பதால் தொழிற்பெயராகவே வைத்துக்கொள்ள வேண்டும். வடிவது மிகைநீர் என்பதால் உலகமயமே மிகை என்ற எண்ணம் உள்ளே நுழைகிறது என்று மன்னார்குடி நண்பர் எழுப்பிய தடைக்கு என்னிடம் முழு விடை இல்லை.

சொல் எதுவாயினும் பாடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு நடுவணரசு விதித்த தடையை நெல் விளையும் மாவட்டத்து மாணவர்கள் உடனே சுட்டுவார்கள். உள்நாட்டு விலைக்காகப் போடப்பட்டு 2024 செப்டம்பரில் விலக்கப்பட்ட தனியொரு தடைக்கு இச்சொல் பொருந்தாது. பல நாடுகளில், பல துறைகளில், ஆண்டுக்கணக்கில் தொடரும் போக்குக்கே அது உரியது.

குழுவில் பெரும்பான்மையினர் ‘உலகமய நீக்கம்’ என்கிறார்கள். தலைப்பிலும் பெல்லோ பற்றிய பத்தியிலும் அப்படியே வரட்டும். நிகழ்வைச் சொல்லும் பத்திகளில் மட்டும் ‘உலகமயம் வடிந்தது’ என்று வினையாக எழுத இசைவு கேட்கிறேன். மறுப்புள்ளவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் எழுதுங்கள்.