படிக்கிற மூலைக்கும் நோட்டு குறிகளுக்கும் ஐடியா சொல்லுங்க

கோச்சிங் போகாம டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலை தேர்வுக்கு நானே படிக்கிறேங்க, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக் எடுத்துட்டு போய் படிக்கிற ஹால்ல உக்காந்தா நல்லா ஓடுது ஆனா தினம் போக முடியல, அதான் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நாலடி இடத்த செட் பண்றேன். மேஜைய சுவர பாத்து போடவா, ஜன்னல பாத்தா? வலது கைக்காரி, லைட் இடப்பக்கம் இருந்தா எழுதுறப்ப நிழல் விழாதுன்னு மட்டும் தெரியும்.

அப்புறம் நோட்டு ஓரத்துல எனக்குன்னு குறி போடுறேன், புரியலன்னா வட்டம், திரும்ப பாக்கணும்னா முக்கோணம், புக்க மூடிட்டு சொல்ல முடிஞ்சா உள்ள ஒரு புள்ளி. இதுக்கு மேல சேத்தா குழம்பிடுமோ? "இப்ப கூப்பிடாதீங்க"ன்னு வீட்டுக்கு புரியுற மாதிரி மாட்டி வைக்க ஒரு சின்னமும் வேணும், எங்கம்மாகிட்ட எடுபடுமாங்கிறது வேற விஷயம். செஞ்சவங்க போட்டோ போடுங்கப்பா.